உப்புப் பாதையில் ஒரு முழுக்கோடு

நவம்பர் 3

அபியா இப்போதுதான் தூங்கினாள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இவருடைய அம்மா நாகர்கோவிலிலிருந்து ஃபோனில் கேட்டார்கள். என்னிடமிருந்துதான் என்பதைக் கேள்வியாகவே கேட்டு முடிக்கிற சாமர்த்தியம் அவர்களுக்கு உண்டு.

ஓமானில் இந்த மலையடி ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. நம்மூர் மலை பச்சையைப் போர்த்திக்கொண்டு, அதன் மேல் மேகத்தையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கும். இது எலும்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு மரம் இல்லை, மறைக்க ஒன்றுமே இல்லை. வரைபடம் வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல மலை கிடையாது என்று கல்லூரியில் படித்தபோது நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

இவர் மலையில் நடக்கிறார். நான் வீட்டில் வரைகிறேன். ரோடு வருவதற்கு முன்னால் இந்த மலைகளில் கழுதைகள் போன பாதைகளையெல்லாம் கம்பெனி அளக்கிறது. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறும், பேரீச்சையும் மாதுளையும் கீழே இறங்கும். அதில் நீளமானதற்கு உப்புப் பாதை என்று பெயர். எல்லாம் முடிந்ததும் மலையேறப் பிரியப்படுகிறவர்களின் ஃபோனில் இறங்குகிற மாதிரி ஒரு வரைபடம் வரும்.

இவர் கையில் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்துவிட்டு வருவார். அதில் பதிவான புள்ளிகளை நான் சம உயரக் கோடுகளின் மேல் போட்டு, நடுக்கத்தை எடுத்துவிட்டு, பாதையாக்கிக் கொடுப்பேன். கம்பெனிக்கு நான் இருப்பதே தெரியாது. குடும்ப விசாவில் வந்தவள் வேலை பார்க்கக் கூடாது. அதனால் எல்லாம் இவர் பெயரில், ரெஜின் என்றே போகிறது. எம்.எஸ்ஸி. புவியியலில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாவதாக வந்த பெமிலா, குக்கர் விசில் எண்ணுகிற நேரம் போக மீதி நேரத்தில், ரெஜினாக இருக்கிறாள்.

நவம்பர் 9

இவர் நாளை மறுபடி மலைக்கு, மூன்று நாளைக்கு. இரண்டு பேர் போக வேண்டிய வேலை. மற்றவர் லீவில் கேரளா போனவர் திரும்பவில்லை, கம்பெனி ஆள் போடவும் இல்லை. டிரைவர் மேல் ரோட்டில் வண்டியோடு நிற்பார். இவர் தனியாக இறங்குவார்.

சாட்டிலைட் ஃபோன் நம்பரை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். "ரொம்ப அவசரம்னாத்தான். போன தடவ மாதிரி கேஸ் தீந்து போச்சுன்னு கூப்பிடப்பிடாது, கேட்டியா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்தான் சிரிக்கவில்லை.

நவம்பர் 12

காலையில் லேசான சூடுதான் இருந்தது. மருந்து கொடுத்துப் படுக்க வைத்தேன். மத்தியானம் அபியாவின் கண் மேலே செருகிக்கொண்டது. கை கால் வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கத்தியிருக்கிறேன். கீழ் வீட்டு செண்பகா அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணி நனைத்து உடம்பெல்லாம் துடைத்தார். என் கை ஃபோனில் ஒரு நம்பர்கூட அழுத்தவில்லை. அக்காதான் ஃப்ரிட்ஜைப் பார்த்து அழுத்தி, "தம்பி, எங்கிருந்தாலும் கிளம்பி வாங்க" என்று சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் அழகுராஜா சார் பள்ளிக்கூடத்திலிருந்து பாதி வகுப்பில் கார் எடுத்து வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

காய்ச்சலில் வருகிற வலிப்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இவர் இருட்டிய பிறகு வந்து சேர்ந்தார். பேன்ட் முழுக்க புழுதி, முழங்கை சிராய்த்திருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் பார்க்கக் கூடாது என்று.

நவம்பர் 13

காய்ச்சல் விட்டுவிட்டது.

நவம்பர் 16

இவர் இந்த வாரம் மலைக்குப் போகவில்லை. ஆபீஸிலேயே வேலையாம். நல்லது.

நவம்பர் 25

உப்புப் பாதையின் பதிவு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

மனிதன் நடந்த பதிவு எப்படியிருக்கும் என்றால், அபியா கிரேயானைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் புள்ளிகள் எறும்பு மாதிரி மொய்க்கும். பாறையைச் சுற்றும், தப்பாகப் போய்த் திரும்பி வரும். இவருடைய நடையை நான் அப்படித்தான் பார்க்கிறேன், எங்கே மூச்சு வாங்கினார், எங்கே உட்கார்ந்தார் என்று. மேலேயிருந்து இறங்கிய பகுதி அப்படி இருந்தது. கீழேயிருந்து முன்பே ஏறிய பகுதியும் அப்படித்தான். நடுவில் ஒரு நீளம் மட்டும் நடுக்கமே இல்லை. நான் எடுத்துவிட ஒன்றுமே வைக்காமல், எல்லாப் புள்ளியும் வரிசையாக, நல்ல பிள்ளையாக நின்றன.

அதே இடத்தில் சம உயரக் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கோடுகள் ஒட்டினால் செங்குத்து. ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பாறைச் சுவர். சாட்டிலைட் கொடுக்கிற உயரக் கணக்கு பாறைச் சுவரைக்கூடக் கொஞ்சம் சாய்த்துச் சரிவாகத்தான் காட்டும் என்பதையும் படித்திருக்கிறேன்.

சாப்பிடும்போது கேட்டேன். பாறை மறைத்தால் சிக்னல் போய்விடும், மெஷினே சேர்த்துப் போட்டுக்கொள்ளும் என்றார். நடந்தீங்கதானே என்றேன். "நடக்காம பின்ன பறந்தா வந்தேன்?"

பதிவின் தேதி நவம்பர் 12 என்று இருந்தது. இருக்கட்டும். மெஷினில் தேதி மாறுவது சகஜம். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம்தான், அது எல்லோருக்கும் தெரிந்ததே.

நவம்பர் 27

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. நடந்து அளந்த பாதைக்கு முழுக்கோடு. நடக்காமல், ஊர்க்காரர் சொல்லக் கேட்டோ படத்தைப் பார்த்தோ போட்ட பாதைக்குப் புள்ளிக்கோடு. முழுக்கோட்டை நம்பிக் கால் வைக்கலாம். புள்ளிக்கோட்டில் கண்ணை வைத்துக்கொண்டு போக வேண்டும். கல்லூரியில் சார் இதை மட்டும் மூன்று தரம் சொல்லுவார்.

நான் அந்த நடுப்பகுதியைப் புள்ளிக்கோடாக்கி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் முழுக்கோடு. பல் தேய்த்துக்கொண்டே இவர் சொன்னார்: "எட்டி, புள்ளிக்கோடு போட்டா மறுபடி போய் அளக்கச் சொல்லுவான். அடுத்த வாரம் வேற மலைக்கு அனுப்பப் போறான். கான்ட்ராக்ட் ஜனவரியோட முடியுது. நீட்டலன்னா விசா இல்ல. மூணு பேரும் பொட்டி கெட்டிட்டு அம்மைக்க வீட்டுல போய் இருக்க வேண்டியதுதான், உனக்குச் சம்மதமா?"

அவருக்குத் தெரியும், எனக்கு எது சம்மதமில்லை என்று.

அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 11

வரைபடம் வெளியாகிவிட்டது. முதல் ஆளாக அழகுராஜா சார்தான் ஃபோனில் இறக்கி, எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். கோவில்பட்டிக்காரர், இந்தியன் ஸ்கூலில் கணக்கு வாத்தியார். இங்கே வார லீவு வெள்ளிக்கிழமை; அன்றைக்கானால் கழுத்தில் துண்டு, காலில் பெரிய ஷூ, மலை. "கணக்குப் பாடத்துக்கு அப்புறம் பொய் சொல்லாதது வரைபடம்தாம்மா" என்பார். இன்று கோட்டைப் பெரிதாக்கிக் காட்டி, "நம்ம தம்பி நடந்த பாதை, கண்ண மூடிட்டு நடக்கலாம்" என்றார்.

நான் டீ போடப் போனேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அதையும் நன்றாக இருக்கிறது என்று குடித்தார்.

டிசம்பர் 18

ஸ்கூலுக்கு லீவு விட்டாயிற்று, அழகுராஜா சார் நாளை உப்புப் பாதையில் இறங்கப் போகிறாராம். நட்சத்திர விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து, நடுவில் சரிவு எப்படி என்று கேட்டார். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் செங்குத்து, பாத்துப் போங்க சார் என்றார்.

"சார், அந்த நடுப்பகுதி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பெமி, கொழம்பு" என்றார் இவர்.

குழம்பு எடுத்துக்கொண்டு வந்தபோது இருவரும் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். சார் கிளம்பும்போது நிறைய தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது.

டிசம்பர் 19

இருட்டிவிட்டது. சார் வரவில்லை. ஃபோன் போகவில்லை. செண்பகா அக்கா எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். அபியாவை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்குச் சொல்கிற மாதிரி, "தாத்தா மலையில லேட்டாயிட்டாருடா, வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர் ஷூவை மாட்டிக்கொண்டு போலீஸோடு போயிருக்கிறார். போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

டிசம்பர் 20

உயிரோடு இருக்கிறார்.

மீட்புக்காரர்கள் மலையின் மூன்று பக்கமும் பிரிந்து தேட ஏற்பாடு செய்தார்களாம். இவர் அதெல்லாம் வேண்டாம் என்று, கீழிருந்து நேராக ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். விடியற்காலை வெளிச்சத்தில் சார் அங்கேதான் கிடந்தார், பாறைச் சுவரின் அடியில். தொடை எலும்பு முறிந்து, குளிரில் விறைத்துப் போய். அந்த இடத்தில் அந்தக் காலத்தில் மரக்கட்டைகளை அடித்து, மேலே கல் பரப்பி, கழுதை ஏறுகிற மாதிரி தடம் வைத்திருந்தார்களாம். இப்போது கட்டை இல்லை. பாறையில் துளை மட்டும் இருக்கிறது.

இன்னொரு ராத்திரி தாண்டியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். செண்பகா அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவர் கையை உருவிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 22

கம்பெனி குரூப்பில் இவருக்குக் கைதட்டல். தமிழ்ச் சங்கத்தில் பொன்னாடை போடப் போகிறார்களாம். எப்படி சார் அவ்வளவு பெரிய மலையில் இடத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அனுபவம்தான் என்கிறார்.

அபியாவைத் தூங்க வைத்துவிட்டுக் கேட்டேன். "நீங்க அந்த எடத்துல நடக்கல்ல, இல்லியா?"

மெதுவாகத்தான் சொன்னார், கோபமே இல்லாமல். "பாறை விளிம்புக்கு வந்தாச்சு. எப்படி எறங்கன்னு பாத்துட்டு நிக்கேன், ஃபோன் அடிச்சுது. நீங்க கூப்பிட்டீங்க, நான் திரும்பி ஏறினேன். வராம இருந்திருக்கணுமா?"

அப்புறம் போயிருக்கலாமே என்றேன்.

"போறேன்னு ஷூ போட்டவன்தானே? காய்ச்சல் விட்ட பெறகும் வாசல்ல குறுக்க நின்னு, போனா பிள்ளைய நான் பாக்க மாட்டேன்னு அழுதது யாரு?"

நவம்பர் 16ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நல்லது என்று எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 25

சர்ச்சுக்குப் போய்விட்டு, கேக்கோடு கீழே போனோம். நேற்றுதான் சாரை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எலும்பில் கம்பி வைத்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஊன்றுகோல். மெலிந்துவிட்டார்.

படம் சரியாகத்தான் காட்டியது, நான்தான் பக்கத்து மலை மடிப்பில் இறங்கிவிட்டேன் போல என்று அவரே சொன்னார். யாரும் கேட்கவில்லை. "இத்தன வருசமா பசங்களுக்கு கிராஃப் சொல்லிக் கொடுத்தவன், ஒரு கோட்டப் பாத்து நடக்கத் தெரியல. வயசாயிருச்சு, தம்பி." அக்கா பக்கத்திலிருந்து, "நான் எப்பவோ சொன்னேன், கேட்டாத்தான" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னது. அவர் அதற்கும் தலையாட்டிக்கொண்டார். பிறகு ஷூவை எடுத்துவரச் சொல்லி, தம்பிக்கு அளவு சரியாக இருக்கும், இனி எனக்கு எதற்கு என்று நீட்டினார்.

வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார்.

இப்போது அது எங்கள் வாசலில் இருக்கிறது.

டிசம்பர் 28

இவர் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அளவு சரியாகத்தான் இருக்கிறது.

அவர் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். நடுப்பகுதியைப் புள்ளிக்கோடாக்கினேன். பக்கத்தில் 'இப்பகுதி நடந்து அளக்கப்படவில்லை, பாறைச் சுவர், இறங்க வழியில்லை' என்று குறிப்புப் போட்டு ஆபீஸுக்கு அனுப்பினேன். ஆகட்டும். கேட்பார்கள். முதலில் முழுக்கோடு ஏன் போட்டாய் என்று கேட்டே தீருவார்கள். வேலை போனால் போகட்டும். மாமியார் வீட்டு மாடியறையில் ஃபேன் ஓடாது, அதையும் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 2

கேட்கவில்லை.

இவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஆபீஸில் அந்தப் புள்ளிக்கோட்டைப் பார்த்துவிட்டு, விபத்துக்குப் பிறகு யாரும் சொல்லாமலே ரெஜின் மறுபடி ஆராய்ந்து திருத்தியிருக்கிறார், இதுதான் பொறுப்பு என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார்களாம். கான்ட்ராக்டை நீட்டிவிட்டார்கள். முதலில் அவர் முகம் வெளுத்துத்தான் போயிருக்கும். அதை எனக்குச் சொல்லவில்லை. "உன் மேல கோபம்தான் வந்துது. பெறகு பாத்தா, நல்லதாப் போச்சு. என்ன இருந்தாலும் நீ படிச்சவ" என்று லட்டைப் பிய்த்து என் வாயில் வைத்தார்.

ரெஜின் பெயரில் நான் சொன்ன உண்மை ரெஜினுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் எனக்கு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. இத்தனை நாளும் எல்லாம் அப்படித்தானே போனது.

அழகுராஜா சார் ஸ்கூலுக்கு ராஜினாமா எழுதப் போவதாக அக்கா மாடிப்படியில் சொன்னார். கால் சரியாகிவிடுமாம். போர்டு முன்னால் நிற்கத்தான் மனசு வரவில்லையாம். தப்பாய்ப் படித்தவன் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்கிறாராம்.

ஜனவரி 3

இன்று வெள்ளிக்கிழமை, இங்கே சர்ச்சும் அன்றைக்குத்தான். இவர் சர்ச்சுக்குப் போன நேரத்தில், ஒரு கையில் அபியாவையும் ஒரு கையில் அந்த ஷூவையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

செண்பகா அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். மேலே நடந்ததும் கீழே நடந்ததும் உண்மை, நடுவில் இவர் நடக்கவே இல்லை, வீட்டிலிருந்து போட்ட கோடு, நான்தான் அனுப்பினேன், முந்தின நாள் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன், சார் படத்தைச் சரியாகத்தான் படித்தார், படம்தான் பொய் என்று. ஏன் நடக்கவில்லை என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. அபியாவுக்கு இழுத்த அன்று என்றேன்.

அக்கா கையில் பூண்டுத் தோல் அப்படியே நின்றது.

"அன்னிக்கு ஃபோன் போட்டது நாந்தான?"

"ஆமாக்கா."

"எங்கிருந்தாலும் கிளம்பி வாங்கன்னு சொன்னேன்."

"ஆமாக்கா."

அபியா இறங்கி அவர் மடியில் ஏறப் பார்த்தாள். அக்கா தள்ளவும் இல்லை, தூக்கவும் இல்லை. "அப்ப எடம் தெரிஞ்சுதான் உம் புருசன் நேரா போயித் தூக்குனாரு. நான் அந்தக் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்" என்றார். பிறகு உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னங்க, எந்திரிச்சு வாங்க. பெமிலா ஒண்ணு சொல்லணுமாம்."

நீங்களே சொல்லிவிடுங்கள் அக்கா என்றேன்.

"நான் சொன்னா கேட்ட கதையாயிரும். நீ சொல்லு."

உள்ளேயிருந்து ஊன்றுகோல் தரையில் தட்டித் தட்டி வந்தது. அவ்வளவு சின்ன வீட்டில் அவ்வளவு தூரம். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சார் ஃபோனை எடுத்து வரைபடத்தைத் திறந்து, இப்போது புள்ளிக்கோடாகிவிட்ட அந்த இடத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் வழி தவறல" என்றார்.

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். பரீட்சையில் குறைத்துப் போட்ட மார்க்கைத் திருத்தி வாங்கிய பையன் மாதிரி. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது. முதலில் வந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கம்பெனிக்கு எழுதப் போவதாகச் சொன்னார். எழுதுங்கள் சார் என்றேன். ஷூவை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா என்னைப் பார்க்காமல், அபியாவின் கையிலிருந்த பூண்டுப் பல்லை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, "புள்ளயக் கூட்டிட்டுப் போ" என்றார். எப்போதும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போ என்றுதான் சொல்லுவார்.

சாயங்காலம் இவர் வெளியே கிளம்பி, வாசலில் குனிந்து தேடினார். என் ஷூ எங்கே என்றார். கீழே இருக்கு என்றேன். அவருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெறும் காலோடு வந்து சோபாவில் உட்கார்ந்தவர் இப்போது வரை எழுந்திருக்கவில்லை. இந்த மனுஷன்தான் மலையிலிருந்து புழுதியோடு ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றவர். அதையும் நான் மறக்கவில்லை.

அபியா அழாமல் தூங்கிவிட்டாள். அவள் அப்படித் தூங்கினால் எனக்குப் பயம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. இருந்திருந்தால், இனி யாரைக் கூப்பிடுவது.